உணவுக்குழாய்ப் புற்றுநோய்: ரத்த மார்க்கரா, ஸ்கேனா, சதைப் பரிசோதனையா? எதை நம்பி முடிவெடுப்பது?

உணவுக்குழாயில் கட்டி இருப்பது எண்டோஸ்கோப்பியில் தெரிந்து, எடுத்த சதையில் புற்றுநோய்தான் என்று பயாப்சி ரிசல்ட்டும் வந்துவிட்டால், அடுத்த நாலைந்து நாட்களில் வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு ஆய்வகத்தின் முன்னால் நிற்பார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்து வருபவர்கள் உண்டு. துபாயிலிருந்து மச்சான் போன் போட்டு, "கேன்சர் மார்க்கர் எல்லாத்தையும் ஒண்ணாப் பாத்திருங்க, எவ்வளவு ஆபத்துன்னு தெரிஞ்சிரும்" என்று சொன்னதால் வருபவர்களும் உண்டு. நாகர்கோவிலில் ரத்தம் எடுக்கிற மேசைக்கு இந்தப் பக்கம் நெடுநாளாக உட்கார்ந்திருப்பவன் என்பதால், என்னிடம் அவர்கள் கேட்பது ஒரே கேள்விதான். எதைப் பார்த்தால் ஆள் பிழைப்பாரா, எத்தனை காலம் இருப்பார் என்று தெரியும்?

நான் டாக்டர் இல்லை. யாருக்கு என்ன சிகிச்சை என்பதை அவரவர் டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் கையில் இருக்கும் பணத்தையும் நாட்களையும் எந்தப் பரிசோதனையில் போடுவது என்ற முடிவில் வீட்டுக்காரர்களுக்கும் பங்கு இருக்கிறது. அதற்கு மூன்று வழிகள் உண்டு: ரத்தத்தில் மார்க்கர், அதாவது புற்றுநோய் இருந்தால் அளவு ஏறக்கூடிய சில பொருட்களைப் பார்ப்பது, ஸ்கேன் எடுத்து நோய் எந்த நிலையில் நிற்கிறது என்று பார்ப்பது, பயாப்சி எடுத்த சதையிலேயே சில புரதங்களைத் தேடுவது. மூன்றையும் 'கேன்சர் டெஸ்ட்' என்றே எல்லாரும் பேசுவதால், ஏதோ ஒன்றைப் பார்த்தால் போதும் என்று தோன்றிவிடுகிறது. என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆயுள் பற்றிய கேள்விக்கு ஸ்கேனும் எடை பார்க்கிற மெஷினும் சொல்வதில் பாதிகூட ரத்த மார்க்கர் சொல்லாது. சதையில் பார்க்கும் மார்க்கர்களின் கதை வேறு. அவை மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவுபவை.

பயாப்சியில் எந்த வகை?

மார்க்கரைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் பயாப்சி ரிப்போர்ட்டின் கடைசி வரியைப் பார்க்க வேண்டும். உணவுக்குழாய்ப் புற்றுநோயில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று ஸ்குவாமஸ், அதாவது உணவுக்குழாயின் உள்பக்கம் போர்த்தியிருக்கும் செதிள் செல்களிலிருந்து வருவது. பீடி, சிகரெட், சாராயம், வெற்றிலையோடு போடும் புகையிலை ஆகியவை இதோடு சேர்ந்தவை. இந்தியாவில் அதிகம் வருவது இந்த வகைதான். இன்னொன்று அடினோ, சுரப்பிச் செல்களிலிருந்து வருவது. பெரும்பாலும் உணவுக்குழாயின் அடிப்பகுதியில், வயிற்றோடு சேரும் இடத்தில் வரும். நீண்டகால நெஞ்செரிச்சலும் உடல் பருமனும் இதற்கு வழி செய்கின்றன. மேலை நாடுகளில் இது அதிகம்.

சூடும் ஒரு காரணமாக இருக்கலாம். 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-இல் வகைப்படுத்தியது. நம்மூரில் கருப்பட்டிக் காப்பியை ஆறவிட்டுக் குடிப்பவரைக் காண்பது அபூர்வம். அப்புறம், மணவாளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் தவறாமல் மணலைப் பற்றிக் கேட்பார்கள். கடற்கரை மணலில் மோனசைட் இருப்பதால் அங்கே இயற்கையான கதிர்வீச்சு கூடுதல் என்பது உண்மை. இதே மாதிரி மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் மக்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வில், அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. மணலைக் குறை சொல்வதற்கு முன்னால் பீடிக்கட்டைப் பார்ப்பது நல்லது.

ஸ்குவாமஸுக்கு ஒரு மார்க்கர், அடினோவுக்கு வேறொன்று. வகை தெரியாமல் மார்க்கர் எடுப்பது வீண்செலவு. ஆய்வகங்கள் விற்கும் 'ஆண்களுக்கான கேன்சர் பேக்கேஜ்' என்பதைப் பாருங்கள். அதில் பி.எஸ்.ஏ. இருக்கும், அது புராஸ்டேட்டுக்கு. ஏ.எஃப்.பி. இருக்கும், அது முக்கியமாக ஈரலுக்கு. உணவுக்குழாய்க்காரருக்கு இந்த இரண்டும் எதற்கு? பேக்கேஜ் விலை மலிவாகத் தெரிவது தேவையில்லாததையும் சேர்த்துக் கட்டியிருப்பதால்தான். இதே துறையில் சம்பளம் வாங்குகிற நான்தான் இதைச் சொல்கிறேன்.

ரத்த மார்க்கர்களுக்குள் எது?

ஸ்குவாமஸ் வகை என்றால் பேச்சில் வருவது எஸ்.சி.சி. ஆன்டிஜென், சைஃப்ரா 21-1 என்ற இரண்டும். எஸ்.சி.சி.யை ஜப்பானியர்கள் 1977-இல் கருப்பை வாய்ப் புற்றுநோயிலிருந்து கண்டுபிடித்தார்கள். இன்றைக்கும் அது அங்கேதான் அதிகம் பயன்படுகிறது. வழக்கமான எல்லை ஒரு மில்லிலிட்டருக்கு 1.5 நானோகிராம். சைஃப்ரா என்பது செல்லுக்குள் சட்டம்போல் இருக்கும் கெரட்டின் 19 என்ற புரதத்தின் துண்டு. செல்கள் சிதையும்போது ரத்தத்தில் கலக்கும். நுரையீரல் புற்றுநோயில் பழகிய மார்க்கர் இது. இதன் எல்லையைப் பெரும்பாலும் 3.3 அல்லது 3.5 என்று வைப்பார்கள்.

உணவுக்குழாய் ஸ்குவாமஸில் எஸ்.சி.சி. ஏறியிருப்பது ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான். சைஃப்ரா பொதுவாக அதைவிடக் கொஞ்சம் கூடுதல் பேருக்கு ஏறுகிறது. ஆரம்பக் கட்டத்தில் இரண்டுமே பெரும்பாலும் எல்லைக்குள்தான் இருக்கும். சிகிச்சைக்கு முன்னால் இவை ஏறியிருந்தவர்களை ஒரு பக்கமும், ஏறாதவர்களை இன்னொரு பக்கமும் பிரித்துப் பார்த்த ஆய்வுகள் பல வந்திருக்கின்றன. ஏறியிருந்தவர்களுக்குக் கட்டி ஆழமாகப் போயிருந்தது, நெறிகளில், அதாவது நிணநீர் முடிச்சுகளில், பரவியிருந்தது, ஆயுளும் குறைவாக இருந்தது என்று அவற்றில் பல சொல்கின்றன. இரண்டில் ஒன்றுதான் எடுப்பது என்றால் சைஃப்ரா பக்கம் கொஞ்சம் சாய்வேன். எஸ்.சி.சி. எளிதாகக் கிடைக்கிறது என்பதால் டாக்டர்கள் அதை எழுதுவதும் நியாயம்தான். இரண்டையும் சேர்த்து எடுத்தால் இரண்டு மடங்கு விவரம் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள்.

அடினோ வகைக்கு சி.இ.ஏ., சி.ஏ. 19-9. சி.இ.ஏ.தான் இந்தக் கூட்டத்தில் மூத்தது. 1965-இல் கனடாவின் மாண்ட்ரியலில் பெருங்குடல் புற்றுநோயில் கண்டறிந்தார்கள். புகைபிடிப்பவர்களுக்கு நோய் இல்லாமலேயே அது கொஞ்சம் உயர்ந்து நிற்கும். அதனால்தான் புகைபிடிக்காதவர்களுக்கு 3 என்றும், பிடிப்பவர்களுக்கு 5 வரைக்கும் என்றும் எல்லையைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சி.ஏ. 19-9-க்கு இன்னொரு விசித்திரம் உண்டு. லூயிஸ் என்று ஒரு ரத்தவகை இருக்கிறது. அதில் நெகட்டிவாக இருப்பவர்களின் உடம்பால் இந்த மார்க்கரைத் தயாரிக்கவே முடியாது. நோய் எவ்வளவு முற்றினாலும் அவர்களுக்கு ரிப்போர்ட் 'நார்மல்' என்றே வரும். மறுபக்கம், பித்தக்குழாய் அடைத்து மஞ்சள்காமாலை வந்தால் புற்றுநோய் இல்லாமலும் ஏறிவிடும்.

ஜப்பானில் பி53 என்ற புரதத்துக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளையும் பார்க்கிறார்கள். நம் பக்கம் அது வழக்கத்தில் இல்லை, அதனால் அதை விட்டுவிடலாம்.

இவ்வளவு இருந்தும் ஏன் ரத்த மார்க்கரைப் பின்வரிசையில் வைக்கிறேன்? மார்க்கர் ஏறியிருப்பதற்கு முக்கியக் காரணம் கட்டி பெரிதாக இருப்பதோ பரவியிருப்பதோதான். அதை ஸ்கேன் ஏற்கெனவே சொல்லிவிட்டது. ஒரே நிலையில் இருக்கும் நோயாளிகளை மட்டும் எடுத்து ஒப்பிட்டால், மார்க்கர் புதிதாகச் சொல்வது சுருங்கிவிடுகிறது. சில ஆய்வுகளில் கொஞ்சம் மிஞ்சுகிறது, சிலவற்றில் ஒன்றுமே மிஞ்சுவதில்லை. பெரும்பாலானவை ஒரே மருத்துவமனையின் பழைய ரிக்கார்டுகளைப் புரட்டிச் செய்தவை. ஒவ்வொருவரும் வேறு வேறு எல்லையை வைத்திருக்கிறார்கள். உலகம் முழுக்க டாக்டர்கள் நோயின் நிலையைக் குறிக்க டி.என்.எம். முறையைப் பயன்படுத்துகிறார்கள். அதன் எட்டாம் பதிப்பில் உணவுக்குழாய்க்குக் கட்டியின் ஆழம், நெறிகளின் எண்ணிக்கை, வேறு உறுப்புகளுக்குப் பரவியதா என்பது, செல் வகை, அதன் தரம், கட்டி இருக்கும் இடம் எல்லாம் கணக்கில் வருகின்றன. ரத்த மார்க்கருக்கு அதில் இடமே இல்லை.

ஒரு நாள் குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு பையன் அப்பாவின் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு நேரே என் மேசைக்கு வந்தான்.

"அண்ணே, எஸ்.சி.சி. 0.9-ன்னு போட்டிருக்கு. நார்மல்தான? அப்பம் ஆப்பரேஷன் ஒண்ணும் வேண்டாம் இல்லியா?"

"நார்மல்தான் மக்கா. ஆனா கட்டியை டாக்டர் குழாய் விட்டுக் கண்ணால பாத்திருக்காரு. இந்த 0.9 வந்ததுக்காக அது இல்லாம போவாது. ஸ்கேன் எடுத்தாச்சா?"

எடுக்கவில்லை. மார்க்கர் நார்மல் என்றால் ஸ்கேனைத் தள்ளிப் போடலாம் என்று வீட்டில் பேசியிருந்தார்களாம். நல்ல ரிப்போர்ட்டால் வரும் ஆபத்து இதுதான். கெட்ட ரிப்போர்ட் வந்தாலும் ஆபத்து உண்டு. எண்ணைப் பார்த்துவிட்டு, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று நாட்டு மருந்துக்கோ நேர்ச்சைக்கோ போய்விடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

மேசைக்கு இந்தப் பக்கம் நடப்பது

மார்க்கர் எடுத்தே ஆக வேண்டும் என்றால் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். எஸ்.சி.சி. நம் எச்சிலிலும் தோலிலும் நிறைய இருக்கிறது. ரத்தக் குழாயின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவரோடு ஒருவர் பேசினால், தெறிக்கும் எச்சில் துளியே எண்ணை ஏற்றிவிடும். கையுறை போடாமல் குழாயின் உள்விளிம்பைத் தொட்டாலும் அப்படித்தான். காரணமில்லாமல் ஒரு தடவை ஏறி வந்தால் மறுபடி புது ரத்தம் எடுத்துப் பார்ப்பதே முறை. சோரியாசிஸ், எக்சிமா போன்ற தோல் நோய் இருந்தாலும் எஸ்.சி.சி. ஏறும். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு எஸ்.சி.சி., சைஃப்ரா இரண்டுமே உயர்ந்துதான் நிற்கும். டயாலிசிஸில் இருப்பவருக்கு இந்த எண்களை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

முடி கொட்டுகிறது என்று பலர் பயோட்டின் மாத்திரை போடுகிறார்கள். சில மெஷின்கள் பயோட்டினைக் கொண்டே அளக்கும் முறையில் இயங்குவதால், ரத்தத்தில் அது அதிகம் இருந்தால் மார்க்கர் குறைவாகக் காட்டிவிடும். ரத்தம் கொடுப்பதற்கு முன்னால் அதைச் சொல்லிவிடுங்கள். சும்மா வைட்டமின்தானே என்று நினைத்து யாரும் அதைச் சொல்வதில்லை.

அடுத்து, ஆய்வகத்தை மாற்றாதீர்கள். ஒரு கம்பெனி மெஷினில் வரும் எண்ணும் இன்னொன்றில் வரும் எண்ணும் ஒன்றாக இருக்காது. வடசேரியில் ஒரு தடவை, மார்த்தாண்டத்தில் ஒரு தடவை, திருவனந்தபுரத்தில் ஒரு தடவை எடுத்துவிட்டு ஏறியதா இறங்கியதா என்று கணக்குப் போட முடியாது. எல்லாவற்றையும்விட முக்கியம், முதல் மார்க்கரைச் சிகிச்சை தொடங்குவதற்கு முன்னால் எடுப்பது. கீமோ நடுவில் எடுத்த எண்ணை எதோடு ஒப்பிடுவது?

ஸ்கேன் சொல்வது

பரவியிருக்கிறதா, இல்லையா? ஆயுளை அதிகம் தீர்மானிப்பது இந்த ஒரு கேள்விதான். அமெரிக்கப் பதிவேடுகளின் கணக்குப்படி, உணவுக்குழாயோடு நிற்கும் கட்டி என்றால் ஏறக்குறைய பாதிப் பேர் ஐந்து வருடம் கடக்கிறார்கள். பக்கத்து நெறிகளுக்குப் போயிருந்தால் கால் பங்குக்குக் கொஞ்சம் மேல். ஈரல், நுரையீரல் என்று தள்ளிப் போய்விட்டால் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். அந்த ஊர்க் கணக்கு நம்மூருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லவில்லை. ஒரு நிலைக்கும் அடுத்த நிலைக்கும் நடுவில் எவ்வளவு பெரிய இடைவெளி இருக்கிறது என்பதைப் பாருங்கள். எந்த ரத்த மார்க்கரும் ஆட்களை இப்படிப் பிரித்துக் காட்டுவதில்லை.

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் சி.டி. ஸ்கேன் எல்லாருக்கும் தேவை. சி.டி.யில் பரவியதாகத் தெரியாமல், அறுவை சிகிச்சை செய்யலாம் என்று டாக்டர் யோசிக்கிற நிலையில் பெட் சி.டி.க்கு, அதாவது சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் செல்கள் எங்கெல்லாம் இருக்கின்றன என்று காட்டும் ஸ்கேனுக்கு, மதிப்பு அதிகம். சி.டி.க்குப் பிடிபடாத தூரத்துப் பரவலை அது காட்டிவிட்டால் வீணான ஒரு பெரிய அறுவை தப்பும். அதேநேரம், ஈரலில் பரவியிருப்பது சி.டி.யிலேயே தெளிவாகத் தெரிந்தவருக்குப் பெட் எடுத்து என்ன ஆகப் போகிறது என்று டாக்டரிடம் கேட்பதில் தவறில்லை. கட்டி சுவரில் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதற்கு எண்டோஸ்கோப்பி வழியாகவே அல்ட்ராசவுண்ட் பார்க்கும் முறை இருக்கிறது. குழாயே நுழையாத அளவுக்கு அடைத்திருந்தால் அது முடியாது.

அறுவைக்குப் பிறகு வரும் ரிப்போர்ட்டில் நெறிகளின் எண்ணிக்கை இருக்கும். எத்தனை நெறி எடுத்தார்கள், அதில் எத்தனையில் நோய் இருந்தது என்பதுதான் அது. ஒன்றிலும் இல்லை, 1 முதல் 2, 3 முதல் 6, 7 அல்லது அதற்கு மேல் என்று நாலு படியாகப் பிரிப்பார்கள். படி ஏற ஏற ஆயுள் குறையும். கட்டியை ஓரத்தில் மிச்சமில்லாமல் முழுசாக எடுத்தார்களா என்பதும் அதே ரிப்போர்ட்டில் இருக்கும். இந்த இரண்டு வரிகளும் எந்த மார்க்கரையும்விடக் கனமானவை.

அறுவைக்கு முன் கீமோவும் கதிர்வீச்சும், நம் பேச்சில் சொன்னால் 'கரண்ட் வைப்பதும்', சேர்த்துக் கொடுக்கும் முறைக்கு அடிப்படையாக இருப்பது நெதர்லாந்தில் நடந்து 2012-இல் வெளியான கிராஸ் ஆய்வு. நேரடியாக அறுவை செய்தவர்களின் இடைநிலை ஆயுள் 24 மாதம். முன்னால் ஐந்து வாரம் கீமோவும் 23 தடவை கதிர்வீச்சும் கொடுத்து, பிறகு அறுவை செய்தவர்களுக்கு 49.4 மாதம். இடைநிலை என்றால் பாதிப் பேர் அதற்கு மேலும் வாழ்ந்தார்கள் என்று பொருள். அதுதான் கெடு என்று யாரும் கலங்க வேண்டாம். அந்த ஆய்வில் ஸ்குவாமஸ் வகைக்காரர்களில் 49 சதவீதம் பேருக்கு, அறுவை செய்து எடுத்த பகுதியில் புற்றுநோய்ச் செல் ஒன்றுகூட மிச்சமில்லை. அடினோவில் 23 சதவீதம். சிகிச்சைக்குக் கட்டி எப்படிக் கரைந்தது என்பதே ஆயுளுக்குப் பெரிய அடையாளம். அதை எந்த மார்க்கராலும் முன்கூட்டிச் சரியாகச் சொல்ல முடியவில்லை. அடினோ வகைக்கு இப்போது கதிர்வீச்சு இல்லாமல், அறுவைக்கு முன்னும் பின்னும் நாலு மருந்து சேர்ந்த கீமோ கொடுக்கும் முறை முந்தி நிற்கிறது. வகை தெரிய வேண்டும் என்று முன்னால் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

செலவில்லாத இரண்டு அளவுகள்

இதைப் பற்றி யாரும் ஆய்வகத்தில் கேட்பதில்லை. எடையைத்தான் சொல்கிறேன். ஆறு மாதத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் எடை இறங்கியிருந்தால், 60 கிலோ இருந்தவர் 54-க்குக் கீழே வந்திருந்தால், சிகிச்சையைத் தாங்குவதும் கடினம், ஆயுள் கணக்கும் கெடுகிறது. ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் ஒரு டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்குக் கீழே இருப்பதும் இதே ஜாதி எச்சரிக்கை. ஆல்புமின் டெஸ்ட்டுக்கு ஆகும் செலவு மார்க்கருக்கு ஆவதில் ஒரு சின்னப் பங்குதான்.

இன்னொன்று, என்ன இறங்குகிறது என்பது. டாக்டர்கள் இதை 0 முதல் 4 வரை எண்ணால் குறிப்பார்கள். நம் வீட்டுக் கணக்கில் சொன்னால், எல்லாம் இறங்கினால் பூஜ்ஜியம். மரச்சீனிக் கிழங்கும் புரோட்டாவும் நெஞ்சில் நிற்கிறது, குழைந்த சோறு போகிறது என்றால் 1. கஞ்சிதான் போகிறது என்றால் 2. வெள்ளம் (தண்ணீர்), பால் மட்டும் என்றால் 3. எச்சில்கூட இறங்கவில்லை என்றால் 4. கிழங்கு நிற்கத் தொடங்கியது எந்த மாதம், சோறு நின்றது எந்த மாதம் என்று தேதியோடு எழுதிக் கொண்டு போனால் டாக்டருக்கு அது மிகவும் உதவும். பெரும்பாலும் வீட்டில் சமைக்கிற அம்மாவுக்குத்தான் இது சரியாகத் தெரியும். மகன்மார் ஸ்கேன் ஃபைலோடு உள்ளே போய்விட்டு அம்மாவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருப்பார்கள்.

இந்த அளவுகளுக்கும் மார்க்கருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஏறிய எஸ்.சி.சி.யை நாம் ஒன்றும் செய்ய முடியாது. இறங்கிய எடையை நிறுத்தலாம், கொஞ்சம் மீட்கவும் செய்யலாம். கட்டி அடைத்திருந்தால் மூக்கு வழியாகவோ வயிற்றில் சின்ன துளை போட்டோ குழாய் வைத்துச் சத்துணவு கொடுக்கிறார்கள். அந்தக் குழாயைக் கண்டு பயந்து நாலைந்து வாரம் தள்ளிப் போடும் வீடுகள் நிறைய. மார்க்கர் பேக்கேஜுக்கு வைத்திருக்கும் பணம் முட்டை, பால், புரதப் பவுடர், டயட்டீஷியனைப் பார்க்கும் செலவு என்று போனால் எனக்குச் சந்தோஷம்தான்.

சதையில் பார்க்கும் மார்க்கர்கள்

ஹெர்2, பி.டி.எல்.1, எம்.எஸ்.ஐ. என்ற பெயர்கள் ரிப்போர்ட்டில் வந்தால் அவை ரத்தத்தில் பார்ப்பவை இல்லை. பயாப்சி சதையில் பார்ப்பவை. எத்தனை காலம் என்ற கேள்வியைவிட எந்த மருந்து என்ற கேள்விக்குத்தான் இவை பதில் சொல்கின்றன. அதனால் இவற்றுக்குச் செலவழிப்பதில் அர்த்தம் இருக்கிறது, சரியான ஆளுக்கு, சரியான நேரத்தில் என்றால்.

ஹெர்2 அடினோ வகைக்குத்தான். அது 3 பிளஸ் என்று வந்தாலோ, 2 பிளஸ் வந்து ஃபிஷ் என்ற அடுத்த டெஸ்ட்டில் உறுதியானாலோ டிரஸ்டுசுமாப் மருந்தைச் சேர்க்கலாம். வயிற்றிலும், உணவுக்குழாய் வயிற்றோடு சேரும் இடத்திலும் முற்றிய அடினோ கட்டி இருந்தவர்களிடம் 2010-இல் வெளியான ஆய்வில், கீமோ மட்டும் வாங்கியவர்களின் இடைநிலை ஆயுள் 11.1 மாதம், இதைச் சேர்த்தவர்களுக்கு 13.8 மாதம். ஸ்குவாமஸ்காரருக்கு ஹெர்2 எடுக்கச் சொன்னால் ஏன் என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

பி.டி.எல்.1 இம்யூனோதெரபிக்கு, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கொண்டே புற்றுநோயைத் தாக்கும் மருந்துகளுக்கு. பரவிய நோயில் பெம்ப்ரோலிசுமாப் மருந்தைக் கீமோவோடு சேர்த்துப் பார்த்த 2021-ஆம் ஆண்டு ஆய்வில், ஸ்குவாமஸ் வகையும் பி.டி.எல்.1 ஸ்கோர் 10 அல்லது அதற்கு மேலும் இருந்தவர்களின் இடைநிலை ஆயுள் 8.8 மாதத்திலிருந்து 13.9 மாதமாகக் கூடியது. நிவோலுமாப் சேர்த்த இன்னொரு ஆய்விலும் பி.டி.எல்.1 உள்ள ஸ்குவாமஸ்காரர்களுக்கு 9.1 மாதத்திலிருந்து 15.4 மாதம். மாதக்கணக்கில் பார்த்தால் சின்னதாகத் தெரியும், ஆனால் இந்த நோயில் இது பெரிய நகர்வு. சிலருக்கு இதனால் வருடக்கணக்கில் பலன் கிடைக்கிறது.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல். இந்த மருந்துகள் விலை அதிகம். டெஸ்ட் எடுத்து, பொருந்துகிறது என்று தெரிந்தபின் மருந்து வாங்க வழியில்லை என்றால் வீட்டில் எல்லாருக்கும் மனவேதனைதான் மிஞ்சும். எனவே டெஸ்ட்டுக்கு முன்பே கேளுங்கள்: பாசிட்டிவ் வந்தால் என்ன மருந்து, மொத்தம் எவ்வளவு ஆகும், காப்பீட்டில் எவ்வளவு கிடைக்கும், மருந்துக் கம்பெனியின் உதவித் திட்டம் ஏதும் இருக்கிறதா? இதைக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

யாருக்கு எது?

கட்டி பரவவில்லை, ஆள் தெம்பாக இருக்கிறார், அறுவைக்கு வாய்ப்பு உண்டு என்றால் முதல் பணம் சி.டி.க்கும் பெட்டுக்கும் சாப்பாட்டுக்கும். டாக்டர் பின்னால் ஒப்பிட விரும்பினால், வகைக்குப் பொருந்தும் ஒரே ஒரு ரத்த மார்க்கரைச் சிகிச்சைக்கு முன் எடுத்து ஃபைலில் வைக்கலாம். இன்னொன்றையும் விசாரியுங்கள். அறுவை செய்யப்போகும் மருத்துவமனையில் வருடத்துக்கு எத்தனை உணவுக்குழாய் அறுவை செய்கிறார்கள்? இது நெஞ்சையும் வயிற்றையும் சேர்த்துத் தொடும் பெரிய அறுவை. அதிகம் செய்கிற இடங்களில் உயிரிழப்பு குறைவு என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். மார்க்கர் எண்ணைக் கேட்கிற ஆட்களில் இதைக் கேட்கிறவர் குறைவு.

பரவிவிட்டது என்றால் ரத்த மார்க்கருக்குப் பெரிய வேலை இல்லை. சதை மார்க்கர் பக்கம் போகலாம், மேலே சொன்ன பணக் கேள்விகளைக் கேட்டுக்கொண்டு. விழுங்குவதற்கு ஸ்டென்ட்டோ (அடைப்பைத் திறந்து வைக்கும் சின்னக் குழாய்) கதிர்வீச்சோ செய்து, கடைசி மாதங்களிலும் அவர் வாயால் கஞ்சி குடிக்க வைப்பது ஒரு பெரிய சிகிச்சை. வயசும் தெம்பும் ரொம்பக் குறைந்தவருக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது அதைத்தான்.

போகும் இடத்தைப் பொறுத்தவரை நம் மாவட்டத்துக்கு வழிகள் உண்டு. ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எவரெஸ்ட் ஏறப்போன சோமர்வெல் டாக்டர் 1920-களில் வந்து தங்கி வேலை பார்த்த நெய்யூரில் புற்றுநோய்க்கென்றே ஒரு மையம் இருக்கிறது. 1981-இல் தொடங்கிய திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். களியக்காவிளை தாண்டியதும் நம் காப்பீட்டு அட்டை எப்படிச் செல்லும் என்பதைக் கிளம்புவதற்கு முன்பே விசாரித்துவிட வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. ஆனால் நாமாகவே வெளி ஆய்வகத்தில் எடுக்கும் மார்க்கர் பேக்கேஜுக்கு நம் பையிலிருந்துதான் போகும். வடசேரியிலிருந்து திருவனந்தபுரத்துக்கு இரண்டு பேர் பலமுறை பஸ்ஸில் போய்வரும் பணம் அது.

சிகிச்சை முடிந்த பிறகு மார்க்கருக்கு ஒரு சின்ன இடம் இருக்கிறது. முன்னால் ஏறியிருந்து, அறுவைக்குப் பிறகு இறங்கியிருந்தால் மட்டும். எஸ்.சி.சி. சில நாட்களிலேயே இறங்கிவிடும், சி.இ.ஏ.வுக்குச் சில வாரம் ஆகும். இந்த நோய் திரும்பி வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள் வரும் என்பதால், அந்தக் காலத்தில் டாக்டர் சொல்கிற இடைவெளியில் அதே ஆய்வகத்தில் பார்த்து வரலாம். முன்பே நார்மலாக இருந்தவருக்கு இந்தத் தொடர் டெஸ்ட்டால் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஒரு தடவை ஏறினால் பதறிக்கொண்டு இரவோடு இரவாக வண்டி பிடிக்க வேண்டாம். சளி பிடித்திருக்கிறதா, தோலில் ஏதும் வந்திருக்கிறதா, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் எவ்வளவு என்று பார்த்துவிட்டு, மூன்று நாலு வாரம் கழித்து மறுபடி எடுக்கலாம். அப்போதும் ஏறிக்கொண்டே போனால் இரண்டு ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு சி.டி.க்கு எழுதி வாங்கப் போக வேண்டும். சோறு மறுபடி நெஞ்சில் நிற்கத் தொடங்கியிருந்தால் எந்த எண்ணுக்காகவும் காத்திருக்காமல் அன்றைக்கே போக வேண்டும்.